மெமோவில் வந்த நாலு சொற்கள்

தம்பி, நீ அனுப்பிய மெமோவையும், அதற்குப் பதிலாக நீ எழுதிவைத்திருக்கிற கடிதத்தையும் படித்தேன். மற்றவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் உன் கதையை நானே சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் பாம்பன், வேலை வெளியூர் ஓட்டல் ஒன்றின் வரவேற்பில். அறை தயாராகவில்லை என்று சத்தம் போட்ட ஒரு அம்மாவிடம் நீயும் பதிலுக்குச் சத்தம் போட்டுவிட்டாய், மறுநாளே ஆங்கிலத்தில் மெமோ வந்துவிட்டது. அன்றைய உன் கண்டக்ட் ஓர் ஊழியருக்குத் தகாதது, விருந்தினர்களிடம் உன் பிஹேவியரும் டிமீனரும் கவனிக்கப்பட்டு வருகின்றன, எட்டிகெட் பயிற்சிக்கு வர வேண்டும், மூன்று நாளில் விளக்கம் வேண்டும். அகராதியைப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் நடத்தை, ஒழுக்கம் என்றே இருக்கிறது, 'ஒரே விஷயத்துக்கு ஏன் சார் நாலு தடவை திட்டுறாங்க' என்று கேட்டிருக்கிறாய். போதாததற்கு, டிமீன் என்றால் கேவலப்படுத்துவதுதானே, அப்படியென்றால் டிமீனர் என்று எழுதி என்னைக் கேவலமானவன் என்கிறார்களா என்று கோபம் வேறு.

நாலு தடவை திட்டவில்லை. ஒரு தடவைதான் திட்டியிருக்கிறார்கள், அது கண்டக்ட் என்ற சொல்லில் இருக்கிறது. மற்ற மூன்றும் வேறு எடை. எதற்குப் பதில் சொல்ல வேண்டும், எதைத் தொடாமல் விடலாம் என்று தெரிந்துவிட்டால் உன் கடிதம் பாதியாகக் குறைந்துவிடும். முப்பது வருஷத்துக்கு மேல் இந்தக் கரையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்.

பஸ்ஸில் இருந்து ஆரம்பிக்கலாம். ராமநாதபுரத்தில் ராமேஸ்வரம் பஸ் ஏறினால், உச்சிப்புளி தாண்டுவதற்குள் தோளில் பையோடு ஒருவர் வந்து டிக்கெட் கொடுக்கிறாரே, அந்தக் கண்டக்டரும் உன் மெமோவில் இருக்கிற கண்டக்டும் ஒரே வேர். லத்தீனில் 'கான்' என்றால் கூட, சேர்த்து. 'டூகேரே' என்றால் வழிநடத்துவது. பயணிகளை ஒன்றாகக் கூட்டிக்கொண்டு போகிறவர் கண்டக்டர், தன்னைத்தானே கூட்டிக்கொண்டு போகிற விதம் கண்டக்ட். இப்போது தமிழைப் பார். அவருக்கு நாம் வைத்த பெயர் நடத்துநர், இதற்கு வைத்த பெயர் நடத்தை. இரண்டுக்கும் அடியில் இருப்பது நட. ஆங்கிலத்தில் அமைந்த மாதிரியே தமிழிலும் பஸ்காரரும் நல்லொழுக்கமும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக அமைந்துவிட்டார்கள். வகுப்பில் இதைச் சொன்னால் பையன்கள் சிரிப்பார்கள், ஆனால் அதற்கப்புறம் கண்டக்ட் என்ற சொல் மறக்காது.

கண்டக்டில் எப்போதும் ஒரு பொறுப்பாளி உண்டு. நடத்தியது யார், ஏன் அப்படி நடத்தினாய், கணக்குச் சொல் என்று யாரோ கேட்கலாம். அதனால்தான் இந்தச் சொல் எங்கே பார்த்தாலும் விதிப்புத்தகத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973-ல் வந்தன, ஆங்கிலத்தில் அதன் பெயர் கண்டக்ட் ரூல்ஸ். மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964-ம் வருஷத்து கண்டக்ட் ரூல்ஸ். தேர்தல் வந்தால் சுவரில் இருக்கிற கட்சிப் பெயரை எல்லாம் சுண்ணாம்பு அடித்து மறைக்கிறார்களே, அந்தத் தேர்தல் நடத்தை விதிகளும் கோட் ஆஃப் கண்டக்ட்தான். ஒரு பதவி, ஒரு விதி, அதை மீறினால் ஒரு விசாரணை என்ற மூன்றும் இருக்கிற இடத்தில் கண்டக்ட் வந்து உட்கார்ந்துகொள்ளும். மீறினால் மிஸ்கண்டக்ட். அந்தச் சொல் உன் மெமோவில் இல்லை என்பதை கவனி, அது வந்திருந்தால் நான் இவ்வளவு நிதானமாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், உடனே போன் போட்டிருப்பேன்.

உன் மெமோ 'தகாதது' என்பதற்குப் போட்டிருக்கிற சொல் அன்பிகமிங். பிகம் என்றால் ஆவது மட்டும் இல்லை, பொருந்துவது, எடுப்பாக இருப்பது என்றும் ஒரு பழைய பொருள் உண்டு. இந்தச் சேலை உனக்கு நன்றாக இருக்கிறது என்பதற்கு அந்தக் காலத்து ஆங்கிலத்தில் பிகம் என்பார்கள். அன்பிகமிங் என்றால் உன் சட்டைக்கு, உன் பதவிக்கு அது பொருந்தவில்லை என்று அர்த்தம். 1950-ம் வருஷத்து ராணுவச் சட்டத்தில் 45-வது பிரிவே இந்தப் பெயரில்தான் இருக்கிறது. மத்திய அரசு நடத்தை விதிகளிலும் மூன்றாவது விதியில் இதே சொல் வரும். ஓட்டல்காரர்கள் அங்கிருந்துதான் எடுத்திருப்பார்கள், மெமோ எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பழைய மெமோவைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். இதில் ஒரு நல்ல சேதி ஒளிந்திருக்கிறது. அன்பிகமிங் என்கிறவன் நீ கெட்டவன் என்று சொல்லவில்லை, நீ நின்ற இடத்துக்கு அது ஒத்துவரவில்லை என்கிறான். அதே சத்தத்தை நீ பாம்பனில் மீன் ஏலத்தில் போட்டிருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சரி, பிஹேவியர். இது பி என்பதோடு ஹேவ் சேர்ந்த சொல். ஹேவ் என்றால் வைத்துக்கொள்வது. தன்னை எப்படி வைத்துக்கொள்கிறான் என்பதுதான் மூலப்பொருள். நாமும் 'ஒழுங்கா நடந்துக்க' என்கிறோமே, அந்த 'கொள்' அப்படியே பிஹேவ் யுவர்செல்ஃபில் இருக்கிற யுவர்செல்ஃப் செய்கிற வேலையைச் செய்கிறது. ஆனால் பிஹேவியர் என்ற பெயர்ச்சொல் நாளடைவில் ஒழுக்கத்தை விட்டு வெகுதூரம் போய்விட்டது. இன்று அது வெளியில் இருந்து பார்க்கிறவனின் சொல். பார்க்கிறான், குறித்துக்கொள்கிறான், அவ்வளவுதான்.

இதற்கு நம் மண்டபத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் முன்பு மண்டபத்தில்தான் இருந்தது, 1971-ல் அது கொச்சிக்குப் போனாலும் இங்கே கிளை இருக்கிறது. அங்கே வருகிறவர்கள் மீனின் பிஹேவியரைப் பற்றிப் பேசுவார்கள், எப்போது கூட்டமாகச் சேரும், எந்த நீரோட்டத்தில் திரும்பும் என்று. மீனின் கண்டக்ட் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நம் ஆவுளியா, அதாவது கடல்பசு, கடற்புல்லை வேரோடு பிடுங்கித் தின்னும், அது பிஹேவியர். ஆண் கடல்குதிரைதான் குஞ்சுகளை வயிற்றுப் பையில் சுமந்து பெறும், அதுவும் பிஹேவியர்தான், அதற்காக அதற்கு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுக்க முடியாது. கொடுக்கத்தான் வேண்டும் என்று என் மனைவி சொல்வாள், அது வேறு விஷயம்.

உயிர் இல்லாததற்கும் பிஹேவியர் உண்டு. 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்கு சிக்னல் கிடைக்காமல் இருந்தது, நீ சின்னப் பிள்ளையில் மண்டபத்தில் ரயிலோடு காத்துக்கிடந்திருப்பாய். காற்றில் அந்தப் பாலம் எப்படி அசைகிறது என்பதை இன்ஜினியர் எழுதினால் பாலத்தின் பிஹேவியர் என்றுதான் எழுதுவார். புயலுக்கு, பங்குச்சந்தைக்கு, கொதிக்கிற எண்ணெய்க்கு எல்லாம் இதே சொல். நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த சோதனை இதுதான்: அந்த இடத்தில் மீனை வைத்துப் பார், வாக்கியம் நின்றால் பிஹேவியர், மீன் துள்ளி வெளியே விழுந்தால் கண்டக்ட்.

சோதனை எல்லா இடத்திலும் வேலை செய்யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் சட்டம் படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதியைப் பதவியில் இருந்து நீக்குவதற்கு அரசியலமைப்பின் 124-வது பிரிவு சொல்கிற காரணங்களில் ஒன்று 'நிரூபிக்கப்பட்ட மிஸ்பிஹேவியர்', மிஸ்கண்டக்ட் இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110-வது பிரிவில் அடிக்கடி தப்பு செய்கிறவர்களிடம் எழுதி வாங்குகிற நன்னடத்தைப் பிணையும் குட் பிஹேவியருக்கான பிணைதான். சட்டம் பழைய ஆங்கிலத்தைப் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கும், அந்தப் பூட்டுக்குள் பிஹேவியர் இன்னமும் கனமான சொல். வெளியே அது லேசாகிவிட்டது. உன் மெமோ வெளியே இருக்கிறது. அதில் பிஹேவியர் என்றால், நீ விருந்தினர்களிடம் எப்படிப் பேசுகிறாய், எப்படி நிற்கிறாய் என்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று மட்டும்தான் பொருள். கேமராவும் வைத்திருப்பார்கள்.

டிமீனருக்கு உன் கோபம் வீண். டிமீன் என்று ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள், எழுத்து ஒன்று, பிறப்பு வேறு. கேவலப்படுத்துகிற டிமீன், மீன் என்ற சொல்லில் இருந்து வந்தது, அந்த மீனுக்கு அற்பமான, தாழ்ந்த என்று பொருள். (நம் ஊர்க்காரனுக்கு இதைவிடக் குழப்பம் வேண்டாம்.) மெமோவில் இருக்கிற டிமீனர் பழைய பிரெஞ்சில் இருந்து வந்தது, அங்கே அதன் வேர்ச்சொல்லுக்கு ஓட்டிக்கொண்டு போவது என்று அர்த்தம், அதற்கும் முன்னால் லத்தீனில் மாட்டை அதட்டி ஓட்டுவது. பார்த்தாயா, இங்கேயும் நடத்துவதுதான். இப்போதைய பொருள் முகம், குரல், நிற்கிற தினுசு ஆகிய மூன்றும் சேர்ந்து மற்றவருக்குக் கொடுக்கிற தோற்றம். நீ என்ன செய்தாய் என்பது இதில் வராது, எப்படித் தெரிந்தாய் என்பதுதான் வரும். சாட்சி சொல்கிறவர் கூண்டில் எப்படி இருந்தார் என்று நீதிபதி குறித்து வைப்பதற்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 280-வது பிரிவு என்று ஒன்று இருந்தது, அங்கே போட்டிருந்த சொல் டிமீனர்தான். முழிக்கிறாரா, வேர்க்கிறதா, கேள்வி முடிவதற்குள் பதில் சொல்கிறாரா என்பதெல்லாம்.

நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாமை எடுத்துக்கொள். 1931-ல் பிறந்து, ராமநாதபுரத்தில் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் படித்து, ஏவுகணை செய்து, ஜனாதிபதி ஆனவர். அவருடைய சாதனைகளை ஓரமாக வைத்துவிட்டு, பிள்ளைகள் கூட்டத்துக்கு நடுவில் அவர் நின்ற விதம், அந்த மெதுவான குரல், அதை மட்டும் ஒரு வார்த்தையில் சொல் என்றால் ஆங்கிலத்தில் டிமீனர் என்பார்கள். தமிழில் எனக்குப் பிடித்த சொல் முகபாவம் இல்லை, பாங்கு. 'இருக்கிற பாங்கு' என்று எங்கள் அம்மா சொல்வார். அகராதிக்காரர்கள் ஏனோ அதை விட்டுவிட்டு, தோரணை என்று போடுகிறார்கள், தோரணையில் கொஞ்சம் மிதப்பு கலந்துவிடுகிறது. ஆக, உன் டிமீனர் கவனிக்கப்படுகிறது என்றால் மூஞ்சியைக் கொஞ்சம் சிரித்த மாதிரி வை என்று அர்த்தம். இதற்கெல்லாம் கடிதத்தில் பதில் எழுதினால் நன்றாக இருக்காது.

எட்டிகெட்டுக்கு மறுபடியும் பஸ்ஸுக்கு வா. கண்டக்டர் கையில் இருக்கிற டிக்கெட்டும் எட்டிகெட்டும் ஒரே பிரெஞ்சுச் சொல்லில் இருந்து பிரிந்தவை, அதற்கு அர்த்தம் ஒட்டுகிற சீட்டு. எந்த இடத்தில் யார் நிற்பது, எதை முதலில் செய்வது என்று சீட்டு எழுதி வைப்பது போன்ற விதிகள். எழுதி ஒட்ட முடியும் என்பதுதான் அதன் குணம். எழுதி ஒட்ட முடியாதது மேனர்ஸ். இரண்டையும் நம் ஆட்கள் ஒன்றாகக் குழப்புகிறார்கள், நீயும்தான்.

கீழக்கரையில் ஒரு கல்யாணத்துக்குப் போனால் சஹனில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்திருப்பாய். பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர். உனக்கு முன்னால் இருக்கிற பக்கத்தில் இருந்துதான் எடுக்க வேண்டும், குறுக்கே கையை நீட்டக் கூடாது, வலது கை, பிஸ்மி சொல்லி ஆரம்பிப்பது, இதெல்லாம் எட்டிகெட். ஒரு புதியவனுக்கு ஐந்து நிமிஷத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர், நீ கூச்சப்பட்டுக் கறியை எடுக்காமல் வெறும் சோற்றைத் தின்கிறாய் என்று பார்த்து, பேசாமல் ஒரு துண்டை உன் பக்கம் தள்ளி வைப்பாரே, அதை எந்தச் சீட்டிலும் எழுத முடியாது. அது மேனர்ஸ், இன்னும் உயர்த்திச் சொன்னால் கர்டசி. நான் முதல் தடவை சஹனில் உட்கார்ந்தபோது எட்டிகெட் எல்லாவற்றையும் தப்பாகச் செய்தேன், நடுவில் இருந்தே எடுத்துவிட்டேன். என்னோடு உட்கார்ந்தவர்கள் அதைப் பார்க்காத மாதிரி இருந்தார்கள் பார், அது மேனர்ஸ்.

மேனர் என்று ஒருமையில் எழுதினால் விதம் என்று மட்டும் பொருள், எஸ் சேர்ந்தால்தான் மரியாதை வரும். உன் கடிதத்தில் 'மை மேனர் இஸ் குட்' என்று இருக்கிறது, அதைப் படிக்கிறவர் எந்த விதம் என்று கேட்பார். வேரைத் தோண்டினால் கை என்ற லத்தீன் சொல், கையாளுகிற விதம் என்பதில் இருந்து கிளம்பியது. முன்னொரு காலத்தில் மேனர்ஸ் என்பதற்கு ஒழுக்கம் என்கிற முழுக் கனமும் இருந்தது, இங்கிலாந்தின் வின்செஸ்டர் கல்லூரி தன் இலச்சினையில் மேனர்ஸ்தான் மனிதனை மனிதனாக்குகிறது என்று பொறித்து வைத்திருப்பது அந்தக் கனத்தோடுதான், முள்கரண்டி பிடிப்பதைப் பற்றி இல்லை.

கர்டசி என்றேன். அது கோர்ட்டில் இருந்து வந்தது, நீதிமன்றம் இல்லை, அரசவை. அரண்மனையில் பழகியவனின் இங்கிதம். நம் ராமநாதபுரத்திலும் பஸ் 'அரண்மனை ஸ்டாப்' என்று நிற்கிறது, சேதுபதிகளின் ராமலிங்க விலாசம் இருக்கிற இடம். சிகாகோவில் பேசிவிட்டுத் திரும்பிய விவேகானந்தர் 1897-ல் பாம்பனில் வந்து இறங்கியபோது பாஸ்கர சேதுபதி மன்னரே எதிர்கொண்டு வரவேற்றார். எதிரே போய் நிற்க வேண்டும் என்று மன்னருக்கு எந்த விதியும் இல்லை. கேட்காமலே, கடமை இல்லாமலே கூடுதலாகச் செய்வதுதான் கர்டசி.

பொலைட் அதற்கு ஒரு படி கீழே, பாலிஷ் போட்டது என்பதே அதன் மூலப்பொருள். அதற்கு எதிராக ரூட் என்பது செதுக்காத கரடு. ஒரே மரப்பலகை, இழைப்புளி பட்டதும் படாததும். அதற்கும் கீழே சிவில். இதை நம் பிள்ளைகள் பாராட்டு என்று நினைத்துவிடுகிறார்கள். சிவில் என்றால் அடி மட்டத்து மரியாதை. வேலித் தகராறில் பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி, கல்யாண வீட்டு வாசலில் எதிரே வந்ததும் வாங்க என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாரே, ஹி வாஸ் சிவில் டு மீ என்றால் அதுதான். நகரத்தான் என்ற பொருளில் இருந்து வந்த சொல் இது, நாகரிகம் என்ற நம் சொல்லும் நகரத்தில் இருந்துதான் வந்தது. பட்டணத்துக்காரன் எந்த நாட்டிலும் தன் பெயரையே மரியாதைக்கு வைத்துக்கொண்டான். கிராமத்தானுக்கு அவன் என்ன பெயர் வைத்தான் தெரியுமா? வில்லன். பண்ணையில் வேலை செய்கிறவன் என்பதுதான் அந்தச் சொல்லின் முதல் அர்த்தம். எனக்கு இதில் இன்னமும் கொஞ்சம் கோபம் உண்டு.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன், உண்மையான ஆபத்து மெமோவில் இல்லை, இதில்தான் இருக்கிறது.

'ஐ மிஸ்பிஹேவ்டு வித் த மேடம்' என்று எழுதியிருக்கிறாய். உடனே அடித்துவிடு. இங்கிலாந்தில் மிஸ்பிஹேவ் என்றால் பிள்ளைகள் சேட்டை செய்வது. ஆனால் இந்தியாவில், முக்கியமாக வித் சேர்த்து, ஒரு ஆண் ஒரு பெண்ணைப் பற்றி இப்படி எழுதினால், கை வைத்தான், தப்பாக நடந்துகொண்டான் என்றுதான் படிக்கிறவர் புரிந்துகொள்வார். செய்தித்தாள் எல்லாம் அந்தப் பொருளில்தான் எழுதுகிறது. நீ குரலை உயர்த்தியதற்கு மன்னிப்புக் கேட்கப் போய், கேட்காத ஒரு குற்றத்தை உன் கைப்பட ஒப்புக்கொண்டு கொடுத்திருப்பாய். அந்தக் காகிதம் கோப்பில் இருக்கும், நீ வேறு வேலைக்குப் போனாலும் இருக்கும்.

அடுத்தது 'மை கேரக்டர் இஸ் குட்'. யாரும் கேட்கவே இல்லையே. கேரக்டர் கிரேக்கச் சொல், நாணயத்தில் முத்திரை குத்துகிற கருவிக்குப் பெயர், அப்புறம் அந்த முத்திரைக்குப் பெயர். உலோகத்தில் பதிந்துவிட்டது, அழியாது. கண்டக்ட் அன்றாடம் மாறலாம், ஒருநாள் சத்தம் போட்டாய், மறுநாள் போட மாட்டாய், கேரக்டர் அப்படி இல்லை. நம் டி.சி.யில் இரண்டையும் சேர்த்து ஒரு வரி இருக்கும், மாணவரின் ஒழுக்கமும் பண்பும் என்று. கண்டக்டுக்கு ஒழுக்கம், கேரக்டருக்குப் பண்பு. அழகான மொழிபெயர்ப்பு. ஒழுகுவது என்றால் ஓடுவது, கூரை ஒழுகுகிறது என்கிறோமே அதே ஒழுகு. ஓடுகிற தண்ணீருக்குத் தடம் மாறும், பண்பு தண்ணீரின் சுவை. வள்ளுவர் ஒழுக்கத்துக்கு ஓர் அதிகாரம், பண்புக்குத் தனியாக வேறு அதிகாரம் என்று வைத்ததும் இந்த வித்தியாசம் தெரிந்துதான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் பேச்சுத்தமிழில் கேரக்டர் கெட்டுப்போய்விட்டது, 'அவ கேரக்டர் சரியில்ல' என்று ஒருவன் சொன்னால் என்ன சொல்கிறான் என்று உனக்கே தெரியும். அந்தச் சொல்லை நீயாக இழுத்து வராதே.

ஆட்டிடியூட் என்று ஒரு வரி, அதையும் எடுத்துவிடு. ஆங்கிலத்தில் அது நடுநிலைச் சொல், சிலை எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதற்கு ஓவியர்களும் சிற்பிகளும் வைத்த சொல், ஆப்டிடியூடுக்குச் சொந்தக்காரன். நம் ஊரில் ஆட்டிடியூட் காட்டுகிறான் என்றாலே திமிர். டீசன்ட் என்பதும் தேவையில்லை, அங்கே அதற்கு நியாயமானவன் என்று பொருள், நமக்குச் சட்டையை இன் பண்ணியவன்.

'மை பாஸ்ட் கண்டக்ட் இஸ் சாட்டிஸ்ஃபாக்டரி' என்பதற்கு மட்டும் ஒரு கதை சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. தங்கச்சிமடத்துப் பையன் ஒருவன் வெளிநாட்டு வேலைக்குச் சான்றிதழ் கேட்டு வந்தான், தங்கமான பையன். திருப்தி என்றால் நமக்கு நிறைந்த சொல், 'சாப்பாடு திருப்தியா இருந்துச்சு' என்றால் அதற்கு மேல் பாராட்டே கிடையாது. அதை நினைத்து, கண்டக்ட் சாட்டிஸ்ஃபாக்டரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஏஜென்ட் அவனைக் கேட்டாராம், பள்ளிக்கூடத்தில் என்ன வம்பு பண்ணினாய் என்று. ஆங்கிலத்தில் சாட்டிஸ்ஃபாக்டரி என்றால் பாஸ் மார்க், குறை சொல்ல முடியாது, அவ்வளவுதான். குட் என்று எழுதாமல் அதை எழுதினால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். பையன் திரும்ப வந்து, கோபமே இல்லாமல், 'சார் வேற வார்த்தை இருந்தா போட்டுத் தாங்க' என்று கேட்டான். அன்று எனக்கு வேர்த்தது.

அப்புறம்தான் கப்பலில் போய் வந்த ஒரு பெரியவர் சொன்னார். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கப்பல்களில் ஒவ்வொரு பயணம் முடிந்ததும் மாலுமியின் புத்தகத்தில் இரண்டு முத்திரை குத்துவார்கள், வேலைத்திறனுக்கு ஒன்று, பொதுவான கண்டக்டுக்கு ஒன்று. சாதாரணமாக வேலை பார்த்தவனுக்கே வெரி குட். வெறும் குட் என்று விழுந்தால் அடுத்த கப்பல் கிடைப்பது கஷ்டம். எல்லாவற்றையும்விடப் பயந்தது இரண்டு எழுத்துக்கு, டி.ஆர். கேப்டன் இவனைப் பற்றி எதுவும் சொல்ல விரும்பவில்லை என்று அதற்கு அர்த்தம். திட்டவில்லை, ஒன்றுமே சொல்லவில்லை, அதுதான் அங்கே பெரிய தண்டனை. ஆங்கிலத்தில் சான்றிதழ் படிக்கும்போது எழுதியதைவிட எழுதாமல் விட்டதைப் பார்க்க வேண்டும் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

ஆகவே இப்படி எழுது. அன்று இத்தனை மணிக்கு ஒரு விருந்தினரிடம் குரலை உயர்த்திப் பேசினேன், அதற்கு ஐ ரெய்ஸ்டு மை வாய்ஸ் போதும், செய்ததை மட்டும் சொல்கிறது, பட்டம் எதுவும் சூட்டவில்லை. அது என் பக்கம் நேர்ந்த ஒரு லேப்ஸ். லேப்ஸ் என்றால் கால் வழுக்குவது, ஒரு தடவை நடந்தது என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், இங்கே அபாலஜைஸ் என்றே போடு, ரிக்ரெட் என்று போட்டால் நடந்ததற்கு வருந்துகிறேன் என்று நழுவுகிற மாதிரி இருக்கும், பெரிய கம்பெனிகள்தான் அப்படி எழுதும். அந்த அம்மா உன்னிடம் என்ன பேசினார் என்பதை ஒரே வரியில், உணர்ச்சி இல்லாமல் எழுது. பயிற்சிக்கு வருகிறேன் என்று முடித்துவிடு. பிஹேவியர், டிமீனர் இரண்டையும் தொடவே தொடாதே.

'ஒழுங்கு நடவடிக்கை' எடுப்பார்களா என்று கடைசியில் கேட்டிருந்தாய். எடுக்க நினைத்தால் மெமோவில் மிஸ்கண்டக்ட் என்று இருந்திருக்கும், பயிற்சிக்குக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். எட்டிகெட் சொல்லிக்கொடுக்கிறோம் என்பவன் உன்னை வேலையில் வைத்துக்கொள்ளத்தான் நினைக்கிறான். போய்விட்டு வா, மதியச் சாப்பாடும் போடுவார்கள், முள்கரண்டியை எந்தக் கையில் பிடிக்கச் சொன்னார்கள் என்று வந்து எனக்கும் சொல். கடிதத்தை அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை போனில் படித்துக் காட்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன்.